சீட்டியும் சிராவகரும்: அகமதாபாத்தின் அச்சுப் பருத்தி

பூவும் கொடியும் கட்டமும் அச்சிட்ட பருத்தித் துணிக்குத் தமிழில் நெடுங்காலமாக வழங்கும் பெயர் சீட்டி. சீட்டிப் பாவாடை, சீட்டிச் சட்டை, சீட்டித் திரை என்று நம் பாட்டிமார் இயல்பாகச் சொல்வர். வடநாட்டு மொழிகளில் வழங்கும் ‘சீன்ட்’ என்ற சொல்லின் தமிழ் உரு அது. ஆங்கிலேயர் வாயில் அதுவே ‘சின்ட்ஸ்’ ஆயிற்று. துணியைக் குறிக்கும் மற்றொரு சொல்லாகிய ‘காலிகோ’ கோழிக்கோட்டுத் துறைமுகத்தின் பெயரிலிருந்து பிறந்தது. புத்தகத்துக்கு அட்டை கட்டுவோர் இன்றும் ‘காலிகோ பைண்டு’ என்கின்றனர். அச்சொல்லுக்குள் ஒரு கடற்கரைப் பட்டினம் ஒளிந்திருப்பதை நாம் நினைப்பதில்லை.

இக்கட்டுரை சீட்டியின் முழு வரலாற்றையும் கூற முற்படவில்லை. நாடு விடுதலை பெற்றதையொட்டிய சுமார் பதினைந்து ஆண்டுகளில் அகமதாபாத் நகரில் அச்சுப் பருத்தி எவ்வாறு புதுக்கோலம் பூண்டது என்பதே இதன் பொருள். அந்த நகரின் ஜைன வணிகக் குடும்பங்கள் அக்காலத்தில் சாயம் செய்தன; துணி அச்சிட்டன; பழந்துணிகளைத் திரட்டின; அத்துணிகள் தீட்டப்பட்டுள்ள ஏடுகளையும் காத்தன. இந்நான்கும் ஒரே நகரில், ஒரே தலைமுறையில் நிகழ்ந்தவை. அவர்கள் சுவேதாம்பரர்; நாம் திகம்பர மரபினர். ஆயினும் சிராவக அறம் இருவர்க்கும் பொது. துணி வணிகத்தில் அவ்வறம் எங்கே நின்றது என்ற வினா நமக்கும் உரியதே.

வினாவின் வேர் பழையது. குஜராத்தை ஆண்ட குமாரபாலனின் ஆசிரியராகிய ஹேமசந்திராசாரியர் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய யோகசாஸ்திரத்தில், இல்லறத்தார் விலக்க வேண்டிய பதினைந்து தொழில்களை விரித்துரைத்தார். அவற்றுள் ஒன்று அரக்கு வணிகம். அரக்கு என்ற பெயரின் கீழ் அவர் மனோசிலை, அவுரி, தாதகிப் பூ, வெங்காரம் முதலியவற்றையும் சேர்த்தார். அரக்கு பூச்சியிடமிருந்து வருவது. அவுரியோ தொட்டியில் ஊறிப் புளித்துச் சாயமாவது. இரண்டிலும் எண்ணற்ற சிற்றுயிர்கள் மடியும். பதினைந்தில் மற்றொன்று எந்திரத்தால் நசுக்கும் தொழில். எள்ளும் கரும்பும் ஆட்டுவது அவர் காட்டும் உதாரணம். சாயம், எந்திரம் என்னும் இரண்டும் இல்லாமல் ஆலையில் சீட்டி இல்லை. இவ்வாறு விலக்கி எழுதிய ஆசாரியரின் நாடே உலகுக்கெல்லாம் அச்சுத் துணி அனுப்பிய நாடாகவும் விளங்கியது.

எகிப்தில் பழைய கெய்ரோ நகரத்தின் ஃபுஸ்தாத் பகுதியில் கிடைத்த துணித் துண்டுகள் இதற்குச் சான்று. ஆக்ஸ்போர்டிலுள்ள ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் மட்டும் இத்தகைய இந்திய அச்சுத் துணித் துண்டுகள் 1,200க்கு மேல் உள்ளன. அவுரி நீலமும் செந்நிறமுமாக, அன்னப் பறவைகளும் தாமரைகளும் வட்டங்களும் அச்சிட்ட முரட்டுப் பருத்தி அது. பெரும்பகுதி குஜராத்தைச் சேர்ந்தது. வேறிடமாயின் இக்கந்தல்களின் காலத்தையும் பிறப்பிடத்தையும் கணிப்பது கடினம். இங்கே ஆய்வாளருக்குத் துணையாய் வந்தவை ஜைன ஏடுகள். சுவேதாம்பரர் பர்யூஷண நாள்களில் ஓதும் கல்பசூத்திரத்தின் ஓவியப் படிகள் 14ஆம் நூற்றாண்டிலிருந்து 16ஆம் நூற்றாண்டு வரை குஜராத்தில் பெருவாரியாக எழுதப்பட்டன. பகவான் மகாவீரரின் அன்னையாகிய திரிசலை தேவி உடுத்தியிருக்கும் ஆடையில், அவர் பள்ளிகொண்ட மெத்தையில், மேலே கட்டிய விதானத்தில் என்று ஓவியர்கள் துணியைத் துணியாகவே வரைந்தனர். ஃபுஸ்தாத் துண்டுகளில் காணும் அன்னங்களும் பூவட்டங்களும் அவ்வோவியங்களிலும் காணப்படுகின்றன. இதே பெரிய கண்களும் கூரிய மூக்கும் உடைய மகளிர் வரிசையாக நிற்கும் குஜராத்தி அச்சுத் துணிகள் இந்தோனேசியத் தீவுகளில் குலச்சொத்தாகப் பேணப்பட்டு, நம் காலத்தில் வெளிவந்தன. துணி கடல் கடந்தது. அதன் உருவம் ஏட்டில் தங்கியது.

அந்த ஏடுகளைப் பொன் கொடுத்து எழுதுவித்தவர்கள் வணிகர்களே. நால்வகைத் தானங்களுள் சாத்திர தானம் ஒன்று என்பதை நம் குழந்தைகளும் அறிவர்.

இங்கே ஒரு சொல் நம் நாட்டைப் பற்றி. காஞ்சிக்கு அருகே ஜினகாஞ்சி என்று போற்றப்படும் திருப்பருத்திக்குன்றத்தின் பெயரிலேயே பருத்தி இருக்கிறது. அங்கே திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை விசயநகர அமைச்சர் இருகப்பர் 1387–88இல் எழுப்பினார். பின்னர் அதன் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள் தீட்டப்பட்டன. அங்குச் செல்வோர் தேவர்களையும் தீர்த்தங்கரர்களையும் நோக்குவதோடு, அவர்களைச் சூழ்ந்து நிற்போரின் ஆடைகளையும் சற்றே நின்று பார்ப்பது நலம்.

அச்சிடும் முறையைச் சுருக்கமாகவேனும் அறிந்தாலன்றிப் பின்வருவது விளங்காது. பருத்தி இழை சாயத்தை எளிதில் பற்றாது. பற்றினாலும் சலவையில் விட்டுவிடும். ஆகவே துணியை முதலில் கடுக்காய் நீரில் தோய்ப்பர். பின் மரக்கட்டை அச்சினால் சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் குழம்பையும், கறுப்பு வேண்டிய இடத்தில் இரும்பும் வெல்லமும் சேர்த்துப் புளிக்கவைத்த நீரையும் ஒற்றுவர். அப்போது துணியில் நிறம் பெரிதாகத் தெரியாது. மஞ்சிட்டி போன்ற வேர்ச்சாயத்தில் இட்டுக் கொதிக்க வைக்கும்போது, படிகாரம் பட்ட இடம் சிவக்கும்; இரும்பு பட்ட இடம் கறுக்கும்; வெற்றிடம் வெயிலில் வெளுக்கும். ஒரே கொப்பரையில் இரு நிறங்கள் பிறக்கும் இவ்வித்தையை நம் சோழமண்டலக் கரையில் சாயவேரைக் கொண்டு செய்தனர். அக்கரையில் பணியாற்றிய பிரெஞ்சுப் பாதிரியார் கோர்தூ 1742இல் இம்முறையை விரிவாக எழுதித் தம் நாட்டுக்கு அனுப்பினார். அதற்கு முன்னரே பிரான்சு 1686இலும், இங்கிலாந்து 1700, 1720 ஆண்டுகளின் சட்டங்களாலும் இந்தியச் சீட்டிக்குத் தடை விதித்திருந்தன. உள்ளூர் நெசவாளர் வாழ்வு கெடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். தடை விதித்தவாறே தொழிலைக் கற்றுக்கொண்டனர்.

1783இல் தாமஸ் பெல் என்பவர் செதுக்கிய செப்பு உருளையால் அச்சிடும் பொறிக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். 1868இல் ஜெர்மானிய வேதியியலார் இருவர் வேர்ச்சாயத்தின் செந்நிறப் பொருளாகிய அலிசரினை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கினர். 1897இல் செயற்கை அவுரியும் சந்தைக்கு வந்தது. உருளையும் தார்ச்சாயமும் கூடிய மான்செஸ்டர்ச் சீட்டி இந்தியச் சந்தைகளை நிரப்பிற்று. இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. பள்ளிப் பாடமாகவே நாம் படித்தது.

அகமதாபாத் இதற்கு விடை கண்ட விதம் தனித்தன்மை உடையது. பம்பாயைப் போல அங்குத் துறைமுகம் இல்லை; ஐரோப்பிய முதலும் மிகுதியாக வரவில்லை. முதல் நூற்பாலையை 1861இல் ரண்சோட்லால் சோட்டாலால் என்னும் நாகர் பிராமணர் தொடங்கினார். பின்னர் வட்டித் தொழிலிலும் துணி வணிகத்திலும் பொருளீட்டிய ஜைன, வைணவ வணிகர்கள் தங்கள் கைம்முதலை ஆலைகளில் இட்டனர். 1880இல் தோன்றிய ‘அகமதாபாத் மேனுஃபேக்சரிங் அண்டு காலிகோ பிரிண்டிங் கம்பெனி’ விரைவிலேயே ஸ்ரீமாலி ஜைனராகிய சாராபாய் குடும்பத்தின் கைக்கு வந்தது. மக்கள் அதைக் காலிகோ ஆலை என்றே அழைத்தனர். கோழிக்கோட்டின் பெயர் இலண்டன் வழியாகச் சபர்மதிக் கரைக்குத் திரும்பி வந்த கதை இது.

அம்பாலால் சாராபாய் (1890–1967) காலத்தில் அவ்வாலை நாட்டின் முன்னணி ஆலைகளுள் ஒன்றாயிற்று. 1915இல் காந்தியடிகள் தம் ஆசிரமத்தில் தீண்டத்தகாதார் எனப்பட்ட குடும்பம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டதால் நன்கொடைகள் நின்றுபோயின. அப்போது பெயர் சொல்லாமல் 13,000 ரூபாயைக் கொடுத்துச் சென்றவர் இவரே. 1918இல் ஆலைத் தொழிலாளர் 35 விழுக்காடு ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, முதலாளிகள் பக்கம் நின்றவரும் இவரே. தொழிலாளர் பக்கம் காந்தியடிகளோடு நின்றவர் இவருடைய தமக்கை அனசூயா பென். அம்பாலாலின் மக்களுள் விண்வெளி அறிஞர் விக்ரம் சாராபாயைத் தமிழர் அனைவரும் அறிவர். அவர் மணந்த நடனக் கலைஞர் மிருணாளினி, சென்னை வழக்கறிஞர் சுவாமிநாதனின் மகள். நம் கதைக்கு உரியவர்கள் விக்ரமின் அண்ணன் கௌதமும் தங்கை கிராவும்.

கௌதம் சாராபாய் 1940களில் காலிகோ ஆலையின் பொறுப்பை ஏற்றார். அவரும் கிராவும் கட்டடக் கலையில் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர்கள். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டிடம் கிரா பயின்றார். காலிகோ துணிக்கடைக்கென ரைட் ஒரு கட்டடத்தையும் வரைந்தார். அது எழும்பவில்லை. எழும்பியது வேறொன்று. கலை அறிஞர் ஆனந்த குமாரசாமி, இந்தியத் துணிகளுக்கென ஓர் ஆய்வு நிலையம் வேண்டும், அது நெசவின் நகரமாகிய அகமதாபாத்தில் அமைதல் தகும் என்று கௌதமிடம் கருத்துரைத்திருந்தார். 1949இல் காலிகோ துணி அருங்காட்சியகம் பிறந்தது. பிரதமர் நேரு திறந்து வைத்தார்.

அருங்காட்சியகம் முதலில் அமைந்த இடம் ஆலை வளாகமே என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருபுறம் உருளைகள் சுழன்று கெஜக்கணக்கில் துணியை உமிழ்கின்றன. மறுபுறம் முகலாயர் கூடாரத்துணி, பட்டோலா, சோழமண்டலச் சீட்டி, ஜைனத் துணியோவியம் ஆகியவை ஒளி குறைந்த அறைகளில் விரிந்து கிடக்கின்றன. ஆலையில் வடிவம் வரைவோர் நடந்தே சென்று முன்னோரின் வேலையைப் பார்க்கலாம். இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜான் இர்வின் போன்ற அறிஞர்கள் இங்கே வந்து உழைத்தனர். 1955 முதல் இந்தியத் துணி வரலாற்றுக்கென்றே ஓர் ஆய்விதழை அருங்காட்சியகம் வெளியிட்டது. அச்சுத் துணி ஆராய்ச்சியில் அதற்கு ஈடாக அன்று வேறெதுவும் இந்தியாவில் இல்லை என்றே கருதுகிறேன்.

அவ்வாண்டுகளில் உலகெங்கும் அச்சுத் துணியின் முகம் மாறிக்கொண்டிருந்தது. அதற்குப் பொறியே முதற்காரணம். செப்பு உருளையைச் செதுக்கப் பெரும்பொருள் செலவாகும். ஆகவே ஒரே வடிவத்தை ஆயிரக்கணக்கான கெஜம் அச்சிட்டால்தான் கட்டுபடியாகும். உருளையின் சுற்றளவு ஏறத்தாழ 16 அங்குலமாதலால் வடிவமும் அதற்குள் அடங்கித் திரும்பத் திரும்ப வரவேண்டும். ஸ்கிரீன் அச்சு இவ்விரு தளைகளையும் அறுத்தது. மரச்சட்டத்தில் மெல்லிய சல்லடைத் துணியை இழுத்துக் கட்டி, வேண்டாத இடத்தை அடைத்துவிட்டு, வேண்டிய இடத்தின் வழியாகச் சாயக்குழம்பை வழித்துத் தள்ளுவது அம்முறை. நிறத்துக்கு ஒரு சட்டம். செலவு குறைவு, வடிவம் எவ்வளவு பெரிதாகவும் இருக்கலாம், நூறு கெஜம் போதும் என்றாலும் அச்சிடலாம். சல்லடை தொடக்கத்தில் பட்டாலானது. நைலான் வந்து பட்டை நீக்கியது ஜைனர்க்கு நிம்மதி தருவதே.

இப்புதிய அச்சில் பிறந்ததே நூற்றாண்டின் நடுப்பகுதிக்குரிய நவீனச் சீட்டி. 1951இல் இலண்டனில் நடந்த பிரிட்டன் விழாவுக்காக லூசியன் டே என்னும் அம்மையார் ‘காலிக்ஸ்’ என்ற வடிவத்தை லினன் துணியில் அமைத்தார். மெல்லிய கோடுகளில் கிண்ணம் போன்ற பூவுருக்கள் மிதக்கும் அது வீட்டுத் திரைகளின் போக்கையே மாற்றியது. அதே விழாவில், கேம்பிரிட்ஜைச் சேர்ந்த படிகவியலார் ஹெலன் மெகாவின் யோசனைப்படி, இன்சுலின் முதலிய பொருள்களின் அணு அமைப்பு வரைபடங்களையே துணி வடிவங்களாக மாற்றினர். பரமாணுக்கள் கூடிக் கந்தமாகும் புற்கல இலக்கணத்தைப் படித்த நமக்கு அவ்வடிவங்கள் அயலாகத் தோன்றமாட்டா. அதே 1951இல் பின்லாந்தில் ஆர்மி ரத்தியா ‘மரிமெக்கோ’ நிறுவனத்தைத் தொடங்கினார். மாய்ஜா ஈசோலா அதற்கென அகன்ற பருத்தியில் பெரும்பெரும் உருக்களை வரைந்தார். சட்டைக்கும் திரைக்கும் ஒரே துணி என்பது அவர்கள் கொள்கை. நிறுவனத் தலைவி பூ வடிவமே கூடாது என்று சொல்லியிருந்தார். ஈசோலா அதை மீறி 1964இல் ‘உனிக்கோ’ என்ற கசகசாப் பூவை வரைந்தார். இன்றளவும் அந்நிறுவனத்தின் அடையாளம் அப்பூவே.

ஐரோப்பியர்க்கு நவீனம் என்பது பழம்பூக்களைத் துறப்பதாக இருந்தது. நிழலும் மடிப்புமாக ரோஜாவை உள்ளபடியே வரைந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு வேலையினின்று விடுபட அவர்கள் தட்டையான நிறத்தையும் தெளிந்த கோட்டையும் தேடினர். குஜராத்தின் மரக்கட்டை அச்சில் அத்தட்டையான நிறமும் தெளிந்த கோடும் ஆயிரம் ஆண்டுகளாக இருந்தன. 1955இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இந்தியத் துணிகளின் கண்காட்சி நடந்தபோது இது பலருக்கும் விளங்கியது. அமெரிக்கத் துணி வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் ஜிரார்டு புடவைகளை நீர்த்தடாகத்தின் மேல் தொங்கவிட்டுக் காட்டினார். கண்டவர்கள் பழமையைக் கண்டதாக எண்ணவில்லை. அக்கண்காட்சியில் புபுல் ஜெயகரைச் சந்தித்த சார்லஸ் ஈம்ஸ், மனைவி ரேயுடன் இந்தியா வந்து 1958இல் ஓர் அறிக்கை அளித்தார். அதன் விளைவாக 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் அகமதாபாத்திலேயே தோன்றியது. அதை வளர்த்தவர்கள் கௌதமும் கிராவுமே.

காலிகோ ஆலை நவீனத்தை விற்ற விதமும் புதிது. 1960களின் தொடக்கத்தில் ரிலீஃப் ரோடில் பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் முறையைத் தழுவி முக்கோணச் சட்டங்களால் ஆன கவிகைக் கூரையொன்றை எழுப்பி, அதன் கீழ்த் துணிக்கடை வைத்தனர். காலிகோ டோம் என்று பெயர். தூண் இல்லாத அக்கவிகையின் கீழ் அச்சிட்ட வாயில் புடவைகளும் சட்டைத் துணிகளும் காட்சிக்கு வைக்கப்பட்டன. பின்னாளில் ஆடை அணிவகுப்புகளும் நடந்தன. அதே நகரில் ஆலை உரிமையாளர் சங்கக் கட்டடத்தை 1954இலும், சாராபாய் குடும்ப இல்லம் ஒன்றை 1955இலும் லெ கொர்பூசியே கட்டி முடித்திருந்தார். பூச்சில்லாத சுவரும் வெறுந்தளமுமான இத்தகைய வீடுகளில் நிறத்துக்கு இடம் தருவது திரைச்சீலையும் விரிப்புமே. வாயில் புடவை தென்னாட்டுக்கும் வந்தது. மெல்லியது, துவைக்க எளிது, உலர விரைவு, விலை குறைவு. கூட்டுப்புழுவைக் கொதிநீரில் இட்டு எடுக்கும் பட்டை விரும்பாத இல்லங்களில், பூச்சிட்ட வாயில் புடவை விழா நாளுக்கும் தகுதியானதாயிற்று.

இனிச் சாயத்துக்கு வருவோம். அகமதாபாத்தின் மற்றொரு பெருங்குடும்பம் லால்பாய் குடும்பம். கஸ்தூர்பாய் லால்பாய் (1894–1980) 1931இல் அர்விந்த் ஆலையைத் தொடங்கியவர். ஆனந்த்ஜி கல்யாண்ஜி அறக்கட்டளையின் தலைவராக ராணக்பூர், தில்வாரா கோயில்களின் திருப்பணியைச் செய்வித்தவர். அவர் 1947இல் வல்சாட் அருகே ‘அதுல்’ நிறுவனத்தை அமெரிக்கச் சயனமிட் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் நிறுவினார். அதற்குமுன் இந்திய ஆலைகள் சாயத்துக்கு ஜெர்மனி, இங்கிலாந்து, சுவிட்சர்லாந்து நாடுகளையே நம்பியிருந்தன. 1952இல் நேரு அதைத் திறந்து வைத்தபின் சாயம் இங்கேயே பிறந்தது. அவுரியை விற்றல் ஆகாது என்று ஹேமசந்திரர் எழுதிய குஜராத்தில், கோயில்களைப் புதுப்பித்த ஒரு சிராவகரே சாயத் தொழிற்சாலையை அமைத்தார்.

இதை முரண் என்று ஒதுக்குவது எளிது. நான் அவ்வாறு ஒதுக்க விரும்பவில்லை. ஆசாரியர் விலக்கியதற்குக் காரணம் சாயத்தொட்டியில் மடியும் உயிர்கள். தார்ச்சாயத்தில் பூச்சியோ புளித்த தொட்டியோ இல்லை. அந்த அளவில் அது பழைய அவுரித் தொட்டியைவிடக் குற்றம் குறைந்தது என்று வாதிட இடமுண்டு. கழிவுநீரை எண்ணினால் வாதம் நிற்காது. குஜராத்தின் ஜேத்பூரில் ஸ்கிரீன் அச்சுப் பட்டறைகள் பெருகிப் புடவைகளும் ஆப்பிரிக்காவுக்கான கங்கா துணிகளும் அச்சிட்டபோது, பாதர் ஆற்றின் நீர் நிறம் மாறியதை அனைவரும் அறிவர். நீரையே உயிராகக் கருதும் நெறி நம்முடையது. தொட்டியில் நின்ற இம்சை ஆற்றுக்கு இடம் பெயர்ந்தது என்பதே உண்மை.

குற்றத்தை அறியாதவர்கள் அல்லர் அவ்வணிகர்கள். அகமதாபாத்தின் வணிக மகாஜனங்கள் தம் வணிகத்தின் மீதே ஒரு சிறு வரி விதித்துக்கொண்டு, நோயுற்ற விலங்குகளைக் காக்கும் பாஞ்சராப்போலை நடத்தி வந்தன. ஈட்டியதில் ஒரு பங்கு ஈட்டியதன் கறையைக் கழுவ என்பது அங்குள்ள பழைய வழக்கு. அதே வழியில், கஸ்தூர்பாய் 1956இல் லால்பாய் தல்பத்பாய் இந்தியவியல் நிறுவனத்தை அமைத்தார். முனி புண்ணியவிஜயர் தாம் திரட்டிய பல்லாயிரம் ஓலைச்சுவடிகளையும் தாளேடுகளையும் அதற்கு வழங்கினார். அன்னப் பூந்துணி உடுத்த அன்னையர் தீட்டப்பட்ட ஏடுகளும் அவ்விடத்தில் காக்கப்படுகின்றன. காலிகோ அருங்காட்சியகத்தையும் இவ்வரிசையில் வைத்தே நான் காண்கிறேன். சாராபாய் குடும்பத்தார் அதற்குச் சாத்திர தானம் என்று பெயரிடவில்லை, ஒப்புமை என்னுடையது. ஆயினும், கல்பசூத்திரம் எழுதுவித்த வணிகன் துணியின் சாயலைக் காத்தான். இவர்கள் துணியையே காத்தனர்.

காக்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்று கேட்டால், ஆலையும் விடையில் இடம்பெறும். காந்திநகருக்கு அருகேயுள்ள பேதாபூர் தேக்கில் அச்சுக்கட்டை செதுக்குவதற்குப் பேர்பெற்ற ஊர். அங்குச் செதுக்கிய நுண்ணிய கட்டைகளால் ‘சௌதாகிரி’ என்ற துணி அச்சாகிச் சயாம் நாட்டுக்குச் சென்றுகொண்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவ்வணிகம் அற்றுப்போனது. உள்நாட்டிலும், மரக்கட்டையின் வடிவங்களையே ஆலைகள் மலிவாக அச்சிட்டு விற்றன. உழவரும் ஆயரும் உடுத்திவந்த கைச்சீட்டியின் இடத்தை ஆலைச்சீட்டி பிடித்தது. கைத்தொழிலாளர் சிலர் கட்டையை வைத்துவிட்டு ஸ்கிரீன் சட்டத்தைக் கையிலெடுத்தனர். சிலர் தொழிலையே விட்டனர். 1952இல் கமலாதேவி சட்டோபாத்யாய் தலைமையில் அமைந்த அனைத்திந்தியக் கைவினை வாரியம் எஞ்சியோரைத் தேடிச் சென்றது. கச்சில் தமட்கா ஊரின் கத்ரி குடும்பத்தைச் சேர்ந்த முகமது சித்திக் 1970களில் இயற்கைச் சாய அஜ்ரக்கை மீண்டும் தழைக்கச் செய்தார். அவர் மக்கள் அத்தொழிலை இன்றும் நடத்துகின்றனர்.

ஆலைக்கு அந்த நற்பேறு கிட்டவில்லை. டெரிலினும் நைலக்ஸும் பாலியெஸ்டரும் வந்தபின், கஞ்சியும் இஸ்திரியும் வேண்டும் பருத்திக்கு மதிப்புக் குறைந்தது. நம் வீடுகளிலும் 1970களில் வாயில் புடவை அடுக்களைக்கும், நைலக்ஸ் வெளியே செல்வதற்கும் என்று ஆனது பலர்க்கும் நினைவிருக்கும். சூரத்திலும் பிவண்டியிலும் பெருகிய விசைத்தறிகள் குறைந்த கூலியில் நெய்தன. அகமதாபாத்தின் ஆலைகள் பழைய எந்திரங்களோடு திணறின. 1980களிலும் 1990களிலும் அந்நகரில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆலைகள் மூடப்பட்டன. சுமார் ஒரு லட்சம் தொழிலாளர் வேலை இழந்தனர். 1918இல் உரிமை கேட்டு நின்றவர்களின் பேரர்கள் ரிக்‌ஷா ஓட்டவும் தள்ளுவண்டி தள்ளவும் சென்றனர். காலிகோ ஆலையும் 1990களில் நின்றது. காலிகோ டோமின் நடுப்பகுதி 2001 நிலநடுக்கத்தில் இடிந்தது. லால்பாய் குடும்பத்தின் அர்விந்த் ஆலை மட்டும், அவுரி நிறத்துக்கே மீண்டு, டெனிம் நெய்து பிழைத்தது.

அருங்காட்சியகம் ஆலையோடு சாகாமல் தப்பியது, அது முன்னமே இடம் மாறியதால். தொகுப்பு பெருகவே 1983இல் ஷாஹிபாக் பகுதியிலுள்ள சாராபாய் குடும்பத்தின் ‘ரிட்ரீட்’ மாளிகைக்கு அதை மாற்றினர். இடிக்கப்பட்ட பழைய குஜராத்தி மாளிகைகளின் மரமுகப்புகளை வாங்கிவந்து அங்கே பொருத்தியிருக்கிறார்கள். கிரா சாராபாய் 2021இல் மறையும் வரை அதன் மேல் கண்ணாக இருந்தார்.

தமிழகத்திலிருந்து நேமிநாத பகவான் முக்தி பெற்ற கிர்நாருக்கு யாத்திரை செல்லும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் அகமதாபாத் வழியே செல்கின்றன. ஒரு நாள் அங்கே தங்க வாய்ப்பிருந்தால், காலைப்பொழுதை ‘ரிட்ரீட்’டுக்கு ஒதுக்கலாம். முன்பதிவு செய்தோரை மட்டும் சிறு குழுவாக அழைத்துச் சென்று காட்டுவர். படம் எடுக்க இசைவில்லை. துணிகளோடு ஜைனக் கலைப்பொருள்களுக்கும் தென்னாட்டுச் செப்புத் திருமேனிகளுக்கும் அங்கே தனிக் கூடங்கள் உண்டு. பிற்பகலில் லால்பாய் தல்பத்பாய் அருங்காட்சியகத்துக்குச் சென்று ஓவிய ஏடுகளைக் காணலாம். திரிசலை தேவியின் மேலாடையை அங்கே உற்றுப் பார்த்தால், காலையில் துணியில் கண்ட அதே அன்னம் தென்படக்கூடும்.